ரப்பிங் பாலிஷ் போட்ட பிறகு பெயின்டில் வட்ட வட்டமாகக் கோடு: வீட்டிலேயே எடுக்க முடியுமா?

கோவை_கருநீலம் | சனி, இரவு 9:40

வணக்கம் நண்பர்களே. 2021 மாடல் பலேனோ, கருநீலம். போன மாதம் தங்கை கல்யாணத்துக்கு முன்னால் ஒரு கடையில் ரப்பிங் பாலிஷ் (மெஷினில் தேய்த்துப் பளபளப்பாக்குவது) போடக் கொடுத்தேன். சாயங்காலம் எடுக்கப் போனபோது முகம் பார்க்கலாம் போல இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

அதற்குப் பிறகு மூன்று முறை வாட்டர் வாஷ் ஆகிவிட்டது. நேற்று ராத்திரி பெட்ரோல் பங்கில் இறங்கி நின்றேன். மேலே எரியும் எல்.இ.டி. விளக்கு பானெட்டில் விழுகிறது, அதைச் சுற்றி அச்சு அசலாகச் சிலந்தி வலை. விளக்கை விட்டு நான் நகர்ந்தால் வலையும் கூடவே நகர்கிறது. இன்று காலை வெயிலில் பார்த்தால் இன்னொன்று: மெஷின் போன தடம், ஒரு சாண் அகலத்தில், வளைந்து வளைந்து கதவு முழுக்க இருக்கிறது. பாலிஷ் போடுவதற்கு முன்னால் இந்தத் தடம் கிடையாது.

கடையில் போய்க் கேட்டேன். "டார்க் கலர்னா அப்படித்தான் சார் தெரியும்" என்றார்கள். திரும்பவும் அங்கே கொடுக்க மனம் வரவில்லை. அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் பிளக் பாயின்ட் இருக்கிறது, மேலே கூரை இருக்கிறது. இரண்டு ஞாயிறு ஒதுக்க முடியும். நானே செய்யலாமா? எதை வாங்குவது, எதைச் செய்யவே கூடாது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

தாம்பரம்_டிசையர் | சனி, இரவு 10:05

எங்கள் ஏரியாவில் தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைப்பார்கள், கோடு மறைந்துவிடும். டூத் பேஸ்ட்டும் வேலை செய்யும் என்கிறார்கள். மெஷின் வாங்குவதற்கு முன் ஒரு முறை முயற்சி செய்து பாருங்களேன்.

---

துபாய்_டீடெய்லர் | ஞாயிறு, காலை 6:20

// தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைப்பார்கள் //

தாம்பரம் நண்பரே, எண்ணெய் கோட்டை நிரப்பும், எடுக்காது. இரண்டு நாளில் தூசி வந்து ஒட்டும், அந்தத் தூசியைத் துடைக்கும்போது புதுக் கோடு விழும். டூத் பேஸ்ட்டில் தேய்க்கும் பொடி இருப்பது உண்மைதான். அது பல்லுக்காக அரைத்த பொடி, கார் பெயின்டுக்கு இல்லை. இரண்டும் வேண்டாம்.

கோவை தம்பி, ஆறு வருடமாக இந்த வேலையில்தான் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

உங்கள் காரில் இருப்பது ஒரே பிரச்சினை இல்லை, இரண்டு. சிலந்தி வலை போலத் தெரிவது வாஷ் பண்ணும்போதும் காய்ந்த துணியால் துடைக்கும்போதும் விழுந்த மெல்லிய கீறல்கள். உண்மையில் அவை வட்டமாக இல்லை, எல்லாத் திசையிலும் நேர் நேராகத்தான் இருக்கின்றன. விளக்குக்குக் குறுக்கே இருக்கும் கீறல் மட்டும் ஒளியைக் கண்ணுக்குத் திருப்பி அடிப்பதால் வட்டம் போலத் தோன்றுகிறது. நீங்கள் நகர்ந்தால் அதுவும் நகர்வது அதனால்தான்.

இரண்டாவது, அந்த ஒரு சாண் அகலத் தடம். அதை ஹோலோகிராம் என்போம். ரோட்டரி மெஷினில் கம்பளிப் பேடு மாட்டி, கரகரப்பான காம்பவுண்டு (தேய்க்கும் பசை) போட்டு வேகமாக ஓட்டிவிட்டு, அதோடு நிறுத்திக்கொண்டால் வரும் தடம் இது. ரோட்டரியில் பேடு ஒரே அச்சில் சுற்றுவதால் கீறல் எல்லாம் ஒரே ஒழுங்கில் படிகிறது. வெயிலில் நடந்து பார்த்தால் தடம் கூடவே நடந்து வருவது போல இருக்கும்.

அன்று கடையில் ஏன் தெரியவில்லை? காம்பவுண்டில் உள்ள எண்ணெயும், கடைசியில் மினுமினுப்புக்காகப் பூசிய கிளேஸும் கீறலுக்குள் போய் அடைத்துக்கொண்டிருந்தன. மூன்று வாஷில் ஷாம்பு அதைக் கழுவி எடுத்துவிட்டது. கோடு அன்றே இருந்தது தம்பி, இன்றுதான் வெளியே வந்திருக்கிறது.

இப்போது முக்கியமான விஷயம். உங்கள் கார் உடம்பில் அடியில் பிரைமர், அதன் மேல் கலர், எல்லாவற்றுக்கும் மேலே கிளியர் என்ற நிறமில்லாத பூச்சு, எல்லாம் சேர்த்துப் பொதுவாக 100 முதல் 140 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) வரைதான் இருக்கும். அதில் கிளியர் மட்டும் சுமார் 40 முதல் 50. தலைமுடி ஒன்று ஏறக்குறைய 70 மைக்ரான் என்று வைத்துக்கொள்ளுங்கள், கிளியர் அதைவிட மெல்லிசு. பாலிஷ் என்றால் கீறலின் அடி வரைக்கும் சுற்றியுள்ள கிளியரைச் சீவி மட்டம் ஆக்குவது. சீவியது திரும்ப வராது. வெயிலைத் தாங்கும் சரக்கும் அந்தக் கிளியரில்தான் இருக்கிறது. மெலிந்துபோனால் நாலைந்து வருடத்தில் ரூஃப் வெளுத்துச் செதில் செதிலாக உரியும். ஏற்கெனவே ஒரு முறை கடைக்காரர்கள் சீவிவிட்டார்கள். அதனால் உங்கள் வேலை, இருப்பதிலேயே குறைவாகச் சீவி ஹோலோகிராமை எடுப்பது. எல்லாக் கோட்டையும் துரத்திக்கொண்டு போகாதீர்கள். நகத்தால் தடவிப் பாருங்கள், நகம் மாட்டுகிற கீறல் இருந்தால் அதை விட்டுவிடுங்கள், அது அங்கேயே இருக்கட்டும்.

---

கோவை_கருநீலம் | ஞாயிறு, காலை 7:15

அண்ணா, ரொம்ப நன்றி. மூன்று முறை படித்துவிட்டேன். அப்படியானால் நான் என்ன மெஷின் வாங்க வேண்டும்? தம்பி வீட்டில் ஆங்கிள் கிரைண்டர் இருக்கிறது, அதில் ஸ்பாஞ்ச் பேடு மாட்டலாம் என்கிறான்.

---

மதுரை_ஸ்ப்ரே | ஞாயிறு, காலை 8:50

ஐயோ, கிரைண்டரைத் தொடாதீங்க தம்பி! சாதாரண 4 இஞ்ச் கிரைண்டர் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும். பாலிஷ் மெஷினை நாங்கள் ஓட்டுவது ஆயிரத்திலிருந்து இரண்டாயிரத்துக்குள். கிரைண்டரில் பேடு வைத்தால் ஒரே இடத்தில் இரண்டு நொடி நின்றாலும் பெயின்ட் கருகிவிடும்.

22 வருடமாக டிங்கரிங், பெயின்டிங் பட்டறை வேலை எனக்கு. துபாய் தம்பி சொன்னதில் ஒன்றை மட்டும் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். தப்பு ரோட்டரி மெஷினில் இல்லை. கம்பளிப் பேடில் கட்டிங், அதாவது கீறலைச் சீவும் வேலை, முடித்த பிறகு, மெத்தென்ற ஸ்பாஞ்சில் ஃபைன் பாலிஷ் போட்டு, வேகத்தைக் குறைத்து இன்னொரு சுற்று போக வேண்டும். அந்தக் கடைசிச் சுற்றுதான் தடத்தை அழிக்கும். ஒரு காரை மூன்று மணி நேரத்தில் முடித்துத் தர வேண்டும் என்றால் அந்தச் சுற்றைத்தான் முதலில் விடுவார்கள். கையில் பழக்கம் உள்ளவன் ரோட்டரியிலேயே கண்ணாடி மாதிரி முடிப்பான்.

ஆனால் முதல் முறை செய்கிற உங்களுக்கு நானும் ரோட்டரியைச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். கார் எங்காவது ரீபெயின்ட் ஆகியிருக்கிறதா? பம்பர், ஃபெண்டர்? பட்டறையில் அடித்த கிளியர் சில சமயம் கம்பெனிக் கிளியரைவிடத் தடிமனாக இருக்கும், சில சமயம் மெத்தென்று இருக்கும். இரண்டையும் ஒரே மாதிரி தேய்க்கக் கூடாது. பழைய வண்டிகளில் கிளியரே இல்லாமல் கலர் மட்டும் இருக்கும், அதில் பாலிஷ் போட்டால் துணியில் வண்டிக் கலர் ஏறும். உங்கள் வண்டியில் துணி கருநீலமாக மாறினால் அந்த இடத்தில் கிளியர் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். உடனே நிறுத்துங்கள்.

---

கோவை_கருநீலம் | ஞாயிறு, காலை 9:30

ஐயா, முன் பம்பர் மட்டும் ஒரு முறை அடித்திருக்கிறது. மற்றதெல்லாம் கம்பெனி பெயின்ட்தான்.

---

துபாய்_டீடெய்லர் | ஞாயிறு, மதியம் 1:10

மதுரை அண்ணன் சொன்னது முழுக்க சரி, கடைசிச் சுற்றை விட்டதுதான் காரணம். பம்பரைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், அல்லது விட்டேவிடுங்கள். பம்பர் பிளாஸ்டிக். தகரம் சூட்டை இழுத்துப் பரப்பிவிடும், பிளாஸ்டிக் இழுக்காது. சூடு அதே இடத்தில் தேங்கிப் பெயின்ட் இளகும்.

வாங்க வேண்டியது டி.ஏ. பாலிஷர், அதாவது டூயல் ஆக்‌ஷன். இதில் பேடு சுற்றவும் செய்யும், கூடவே ஆடவும் செய்யும். அதனால் கீறல் ஒரே ஒழுங்கில் படியாது. அளவுக்கு மேல் அழுத்தினால் சுற்று நின்று வெறுமனே அதிரும், இதுதான் புதியவருக்குப் பாதுகாப்பு. 8 அல்லது 15 மில்லிமீட்டர் ஆட்டம் உள்ளது போதும், 21 வேண்டாம், கதவு வளைவுகளில் பிடிக்க முடியாது. பேடை மாட்டும் தட்டு, அதாவது பேக்கிங் பிளேட், 5 இஞ்ச். ஸ்பாஞ்ச் பேடு பாலிஷிங் ரகத்தில் மூன்று, அதைவிட மென்மையான ஃபினிஷிங் ரகத்தில் மூன்று. ஒரு பேடை வைத்து முழுக் காரையும் முடிக்க முடியாது, சூடாகிக் காம்பவுண்டு குடித்துக் கட்டியாகிவிடும். ஃபைன் பாலிஷ் ஒரு பாட்டில். மெகுயர்ஸ் எம்205 போன்ற ஒன்று உங்கள் வேலைக்குப் போதும். கட்டிங் காம்பவுண்டு இப்போது வாங்கவே வேண்டாம்.

பேக்கிங் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். ஓட்டும்போது அந்தக் கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். கோடு நின்றுவிட்டால் அழுத்தம் அதிகம், அல்லது பேடு சாய்ந்திருக்கிறது. புதிதாகச் செய்பவர்களுக்கு இதைவிட நல்ல வாத்தியார் இல்லை.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் நன்றாகக் கழுவுங்கள், பிறகு கிளே பார், அதாவது பெயின்டில் ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி. சோப்புத் தண்ணீரை அடித்துக்கொண்டு கிளேயை லேசாக நகர்த்தினால், முதலில் சரசரவென்று மாட்டும், கொஞ்ச நேரத்தில் வழுக்கத் தொடங்கும். வழுக்கினால் அந்த இடம் முடிந்தது. கிளே கீழே விழுந்துவிட்டால் எடுத்துத் திரும்பப் போடாதீர்கள், மண் ஒட்டியிருக்கும், தூக்கிப் போட்டுவிடுங்கள். பிறகு ரப்பர் பீடிங், கறுப்பு பிளாஸ்டிக், லைட் ஓரம், பானெட்டின் கூர்மையான மடிப்பு எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப். மடிப்பிலும் ஓரத்திலும் பெயின்ட் எப்போதும் மெல்லிசாகத்தான் நிற்கும்.

அப்புறம் டிக்கியில் ஒன்றரை அடிச் சதுரம் ஒன்று டேப் ஒட்டிப் பிரியுங்கள். அதுதான் உங்கள் பரிசோதனைக் கூடம். மிக மென்மையான ஃபினிஷிங் பேடு, ஃபைன் பாலிஷ் பட்டாணி அளவில் நான்கு சொட்டு. மெஷினை அணைத்தபடியே பேடைப் பெயின்டில் வைத்துத் தடவி, குறைந்த வேகத்தில் பரப்பி, பிறகு மெஷினின் வேக எண் 4 அல்லது 5-இல் ஓட்டுங்கள். கை வேகம் நொடிக்கு ஒரு அங்குலம். எல்லோரும் தப்பு செய்வது இங்கேதான், தரை துடைப்பது போல வேகமாகப் போவார்கள். இடம் வலமாக ஒரு முறை, மேல் கீழாக ஒரு முறை, முந்தின தடத்தில் பாதி ஏறுகிற மாதிரி. இப்படி நான்கிலிருந்து ஆறு முறை. மெஷினின் எடையே போதும், கூடக் கொஞ்சம் கை எடை.

துடைத்த பிறகு உடனே சந்தோஷப்படாதீர்கள்! ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு கலந்து அடித்துத் துடையுங்கள். எண்ணெய் போய்விடும். அதற்கப்புறம் செல்போன் டார்ச்சைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். தடம் போயிருந்தால் அதே பேடு, அதே பாலிஷில் முழுக் காரையும் செய்யுங்கள். போகவில்லை என்றால் மட்டும் ஒரு படி கூடிய பாலிஷிங் பேடுக்குப் போங்கள்.

---

ஈரோடு_டிரைவ் | ஞாயிறு, இரவு 7:45

எனக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன், கோவை நண்பருக்கு உதவும். இரண்டு வருடத்துக்கு முன் என் கறுப்பு வண்டியில் நானே செய்தேன். பானெட்டில் நடுவே ஓடும் மடிப்புக் கோடு இருக்கிறதல்லவா, அதில் டேப் ஒட்டவில்லை. ஒட்டினால் அந்த இடம் மட்டும் பாலிஷ் ஆகாதே என்று நினைத்தேன். மூன்றாவது முறை போகும்போது துணியில் கறுப்புச் சாயம். நிறுத்திப் பார்த்தால் மடிப்பின் மேல் ஒரு நூல் அகலத்துக்கு, இரண்டு அங்குல நீளத்துக்குச் சாம்பல் நிறம். பிரைமர். கை நடுங்கிவிட்டது. பானெட் முழுக்கத் திரும்ப அடிக்க வேண்டியதாயிற்று.

மடிப்பில் மெஷின் வேண்டாம். டேப்பை எடுத்துவிட்டுக் கையால், சின்ன ஸ்பாஞ்சில், இரண்டு நிமிடம் செய்தால் போதும்.

---

கோவை_கருநீலம் | ஞாயிறு, இரவு 8:30

ஈரோடு நண்பரே, நன்றி. இதைப் படித்த பிறகு டேப் இரண்டு ரோல் கூடுதலாக வாங்கிவிட்டேன்.

ஒரு சந்தேகம். எங்கள் அபார்ட்மென்டில் போர் தண்ணீர்தான், காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி நிற்கிறது. அதுவும் பாலிஷில் போகுமா?

---

சனிக்கிழமை_வாஷ் | ஞாயிறு, இரவு 9:15

புள்ளி மேலாக இருந்தால் வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துணியில் நனைத்து ஒரு நிமிடம் வைத்துக் கழுவுங்கள், உப்பு கரைந்துவிடும். வெயிலில் காய்ந்து காய்ந்து கிளியரையே அரித்திருந்தால்தான் பாலிஷ் தேவைப்படும். எனக்கும் கோவைதான். கடைசியாக அலச மட்டும் அரை பக்கெட் சிறுவாணி அணைக் குடிதண்ணீர் எடுத்து வைத்துக்கொள்வேன், அதற்கு மேல் செலவழிக்க மனம் வராது. அதில் உப்பு குறைவு, புள்ளியே விழாது.

ஆனால் உங்களிடம் நான் கேட்க நினைத்தது வேறு. தினமும் காலையில் யார் துடைக்கிறார்கள்?

---

கோவை_கருநீலம் | ஞாயிறு, இரவு 9:22

அபார்ட்மென்டில் மாதச் சம்பளத்துக்கு ஒருவர் வருவார் சார். எல்லா வண்டியையும் அவர்தான் துடைக்கிறார்.

---

சனிக்கிழமை_வாஷ் | ஞாயிறு, இரவு 9:50

அங்கேதான் சிலந்தி வலை நெய்யப்படுகிறது. அவர் மேல் குறை சொல்லவில்லை, அவருக்குக் கிடைத்திருப்பது ஒரு பக்கெட்டும் ஒரு மஞ்சள் துணியும்தான். பன்னிரண்டாவது வண்டிக்கு வரும்போது அந்தத் தண்ணீரில் முந்தின பதினொரு வண்டி மண்ணும் இருக்கும். நாளைக் காலை அந்தப் பக்கெட்டின் அடியில் கையை விட்டுப் பாருங்கள், நறநறவென்று மணல் கையில் தட்டும். அந்த மணலைத்தான் தினமும் பானெட்டில் இழுக்கிறோம்.

பாலிஷ் போடுவதற்கு முன்னால் இதை நிறுத்துங்கள். கண்ணாடியை மட்டும் துடைக்கச் சொல்லுங்கள், சம்பளத்தைக் குறைக்காதீர்கள். வாரம் ஒரு முறை நீங்களே கழுவுங்கள். இரண்டு பக்கெட், ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் வெறும் தண்ணீர். முதலில் தண்ணீர் அடித்து மண்ணை விழ வையுங்கள். மைக்ரோஃபைபர் கையுறையால் ரூஃபிலிருந்து கீழே வாருங்கள், ஒவ்வொரு பலகம் முடிந்ததும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் திரும்ப ஷாம்புவில் முக்க வேண்டும்.

---

மதுரை_ஸ்ப்ரே | திங்கள், காலை 7:05

சனிக்கிழமை தம்பி சொன்னது லட்சத்தில் ஒரு வார்த்தை. பட்டறைக்கு வருகிற வண்டிகளில் முக்கால்வாசிக் கோடு துடைக்கிற துணியால் வந்ததுதான். ரோட்டில் வந்த கோடு குறைவு.

வெயில் பற்றி யாரும் சொல்லவில்லை. தகரம் சூடாக இருக்கும்போது மெஷினை வைக்காதீங்க, பாலிஷ் உடனே காய்ந்து மாவாகப் பறக்கும், தேய்த்தால் புதுக் கோடு விழும். உள்ளங்கையைப் பானெட்டில் வைத்தால் குளுகுளுவென்று இருக்க வேண்டும். காலை ஆறு மணிக்குத் தொடங்குங்கள்.

---

கோவை_கருநீலம் | அடுத்த ஞாயிறு, இரவு 8:10

முதல் ஞாயிறு வேலை முடிந்தது. எழுதாமல் தூங்க மனமில்லை.

காலை 5:45-க்கு இறங்கிவிட்டேன். கழுவி, கிளே பார் போடவே எட்டரை ஆகிவிட்டது. சுத்தமாக இருக்கிறது என்று நான் நினைத்த டிக்கியிலிருந்து கிளேயில் ஏறிய அழுக்கைப் பார்த்து வியந்துபோனேன், பழுப்பு நிறத்தில் ஒரு படலம்.

டிக்கிச் சதுரத்தில் ஃபினிஷிங் பேடு வைத்து முதல் முறை. ஆல்கஹால் அடித்து டார்ச் பிடித்தேன். ஹோலோகிராம் பாதி குறைந்திருந்தது, முழுசாகப் போகவில்லை. ஒரு மணி நேரம் அதே பேடில் போராடினேன். பிறகுதான் என் கையைக் கவனித்தேன், நொடிக்கு ஒரு அங்குலம் இல்லை, நான்கு அங்குலம் போய்க்கொண்டிருக்கிறேன். மனைவியை அருகில் நிற்க வைத்து "ஒன்று, இரண்டு" என்று எண்ணச் சொன்னேன். அந்த வேகத்தில் பாலிஷிங் பேடு மாற்றி ஆறு முறை. துடைத்தேன். ஆல்கஹால். டார்ச்.

டேப்புக்கு இந்தப் பக்கம் வலை, அந்தப் பக்கம் வெறும் நீலம். டார்ச் வெளிச்சம் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளியாக நின்றது, அதைச் சுற்றி எதுவும் இல்லை. பெயின்டுக்குள் இருக்கும் மெட்டாலிக் துகள்கள் தனித்தனியாகத் தெரிந்தன. கார் வாங்கி இத்தனை வருடத்தில் அந்தத் துகள்களை நான் பார்த்ததே இல்லை.

அப்புறம் அதே பேடு, அதே பாலிஷ். மதியம் வரை டிக்கி, பானெட், இடது பக்கக் கதவு இரண்டு. பிறகு ஃபினிஷிங் பேடில் இன்னொரு லேசான சுற்று. பானெட்டில் இடது ஓரத்தில் நகம் மாட்டுகிற கீறல் ஒன்று இருக்கிறது, அதை அப்படியே விட்டுவிட்டேன் அண்ணா. மடிப்புகளைக் கையால் செய்தேன். துணி எங்கும் நீலமாகவில்லை.

தோள் வலிக்கிறது. ரூஃபும் வலது பக்கமும் அடுத்த வாரம். இப்போதைக்கு முடிந்த பலகங்களுக்கு வாக்ஸ் பூசியிருக்கிறேன். பம்பரைத் தொடவில்லை.

வண்டி துடைப்பவரிடமும் பேசிவிட்டேன். கண்ணாடியும் டயரும் போதும் என்றதும் "அண்ணே, ஏதாவது தப்பாயிடுச்சா" என்று கேட்டார். டார்ச் பிடித்து இரண்டு கதவையும் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து மூன்றாவது மாடிக்காரர் வண்டிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டு வந்ததைப் பார்த்தேன்.

---

துபாய்_டீடெய்லர் | அடுத்த ஞாயிறு, இரவு 9:30

தம்பி, படிக்கவே மனம் நிறைந்துவிட்டது. அந்தக் கீறலை விட்டீர்கள் பாருங்கள், அதற்குத்தான் முதலில் கை கொடுக்க வேண்டும்.

இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். பேடுகளை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு விட்டுக் கையால் கசக்கிக் கழுவி, முகம் கீழே இருக்கும்படி நிழலில் காய வையுங்கள். பாலிஷ் உள்ளே காய்ந்துவிட்டால் அடுத்த வாரம் அதுவே கோடு போடும். மைக்ரோஃபைபர் துணிகளைத் தனியாகத் துவையுங்கள், பருத்தித் துணியோடு சேர்த்தால் பஞ்சு ஒட்டும். கம்ஃபர்ட் மாதிரி எதுவும் ஊற்றாதீர்கள், இழை அடைபட்டு வழுக்கும், அழுக்கைப் பிடிக்காது. ரூஃப் செய்யும்போது ஸ்டூல் வைத்துக்கொள்ளுங்கள், பெல்ட் பக்கிளைக் கழற்றிவிடுங்கள், ஒயரைத் தோள் மேல் போட்டுக்கொள்ளுங்கள். சாய்ந்து செய்கிற அவசரத்தில் கதவில் உரசிவிடும்.

---

கோவை_கருநீலம் | அடுத்த ஞாயிறு, இரவு 9:41

பேடு ஆறும் பால்கனியில் காய்கிறது அண்ணா. பெல்ட் விஷயம் தோன்றவே இல்லை, நல்லவேளை சொன்னீர்கள்.